வாங்கிய பிறகு என்ன ஆகும்? மேக்ரோமீடியாவின் கதை

2003 வாக்கில் வெப்சைட் செய்துகொண்டிருந்தவர்கள் யாரையாவது கேட்டுப் பாருங்க. ட்ரீம்வீவர், ஃபயர்வொர்க்ஸ், ஃபிளாஷ் என்று மூன்று பெயர் வரும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் கம்ப்யூட்டரிலும் இந்த மூன்றும்தான். மூன்றுமே மேக்ரோமீடியா.

அந்தக் கம்பெனியை வாங்கப்போவதாக அடோபி 2005 ஏப்ரலில் அறிவித்தது. விலை சுமார் 340 கோடி டாலர், பணமாக இல்லை, பங்காக. டிசம்பரில் வேலை முடிந்தது. இதில் எனக்கு சுவாரசியமாகப் பட்டது விலை இல்லை, வாங்கின பிறகு நடந்ததுதான்.

அடோபியிடம் ட்ரீம்வீவருக்குப் போட்டியாக கோலைவ் இருந்தது. 1999-ல் அதுவும் விலைக்கு வாங்கினதுதான். ஒரே கடையில் ஒரே வேலைக்கு இரண்டு சரக்கு. எது போகும்? தன்னுடையதைத்தானே வைத்துக்கொள்வார்கள் என்று தோணும். நடந்தது நேர்மாறு. 2007-ல் வந்த சிஎஸ்3 தொகுப்பில் கோலைவ் இருந்த இடத்தில் ட்ரீம்வீவர் உட்கார்ந்தது. 2008-ல் கோலைவ் விற்பனையே நின்றது. பயனாளர் கூட்டம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் கம்பெனியும்.

ஃப்ரீஹேண்ட் கதை வேறு மாதிரி. இதை எழுதியது ஆல்ட்சிஸ், விற்றது ஆல்டஸ். 1994-ல் ஆல்டஸை அடோபி வாங்கியபோது, அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் குறுக்கே நின்றது. இல்லஸ்ட்ரேட்டரும் ஃப்ரீஹேண்டும் ஒரே கையில் இருந்தால் போட்டியே இருக்காது என்பது அதன் வாதம். ஃப்ரீஹேண்ட் ஆல்ட்சிஸுக்கே திரும்பிப் போனது. 10 ஆண்டுகளுக்கு இந்த மாதிரி மென்பொருளைக் கமிஷன் அனுமதி இல்லாமல் அடோபி வாங்கக் கூடாது என்றும் உத்தரவு. அடுத்து ஆல்ட்சிஸை மேக்ரோமீடியா வாங்கியது. தேதியைக் கவனிங்க: 1994-ஓடு 10 கூட்டினால் 2004. அடுத்த வருஷமே ஃப்ரீஹேண்ட் அடோபி கைக்கு வந்துவிட்டது. 2007-ல், இனி புதிய பதிப்பு கிடையாது என்று அறிவித்தார்கள். ஒரே கோப்பில் பல பக்கங்கள் வைப்பது ஃப்ரீஹேண்டின் பழைய வசதி. இல்லஸ்ட்ரேட்டருக்கு அது 2008-ல்தான் வந்தது.

ஃபயர்வொர்க்ஸ் கொஞ்சம் தாக்குப்பிடித்தது. பிக்சலையும் வெக்டாரையும் ஒரே இடத்தில் கையாளும், வெட்டி ஹெச்டிஎம்எல்லாகத் தரும். வெப்பக்கம் வரைய அதுவே போதும். ஆனால் ஒரு பக்கம் போட்டோஷாப், மறு பக்கம் இல்லஸ்ட்ரேட்டர், நடுவில் இது. 2012-ல் வந்த சிஎஸ்6 தான் கடைசி. 2013-ல் புது வசதிகள் நின்றன.

அதன் மூலக்கோப்பு பிஎன்ஜி வடிவத்திலேயே இருக்கும். அதனால் இன்றைக்கும் எந்த பிரவுசரில் திறந்தாலும் படம் தெரியும். உள்ளே இருக்கிற லேயர்களும் எழுத்துகளும் மட்டும் தெரியாது. அவை கோப்புக்குள்தான் இருக்கின்றன, படிக்கத் தெரிந்த மென்பொருள்தான் அரிது. ஒரு மென்பொருள் போனால் நாம் இழப்பது மெனுவையும் ஷார்ட்கட்டையும் மட்டும் இல்லை, நம்ம பழைய வேலையைத் திருத்தும் உரிமையையும்தான்.

2022-ல் ஃபிக்மாவை 2000 கோடி டாலருக்கு வாங்க அடோபி முன்வந்தது. ஐரோப்பிய, பிரிட்டிஷ் அதிகாரிகளின் எதிர்ப்பில் 2023 டிசம்பரில் கைவிட்டது. அந்த எதிர்ப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஃப்ரீஹேண்டின் கதையைச் சொன்னால் போதும்.