முடிச்சவிழ்க்கி: ஒரு வசைச்சொல்லின் வரலாறு

சேலம், நாமக்கல் சமவெளிச் சந்தைகளில் பேரம் முற்றி வாய்ச்சண்டையாக மாறும்போது செவியில் விழும் சொற்களுள் ஒன்று ‘முடிச்சவிக்கி’. ஏசுபவருக்கும் ஏச்சுக்கு ஆளாபவருக்கும் அது வெறும் வசை. அதனுள்ளே ஒரு துணிமுனையும், அதில் முடிந்த சில காசுகளும், அவற்றை அவிழ்த்த ஒரு கையும் இருப்பதை இருவருமே எண்ணுவதில்லை.

சொல்லின் அமைப்பு எளியது. முடிச்சு, அவிழ்க்கி என்னும் இரண்டின் சேர்க்கை இது. மரங்கொத்தி, மீன்கொத்தி என்பவற்றிற்போல வினையின்மேல் இகரம் ஏறிச் செய்வோனைக் குறித்தது. தாழ்ப்பாள் பேச்சில் ‘தாப்பா’ ஆனது போல, அவிழ்க்கி ழகர ஒற்றை இழந்து அவிக்கி ஆயிற்று. ஒற்று மறைந்ததும் பொருளும் பாதி மறைந்தது. நெல் அவிப்பதற்கும் இதற்கும் தொடர்பு உண்டோ என மாணவர் வினவுவது இதனாலேயே. இதற்கு இணையாக ‘முடிச்சுமாறி’ என்றொரு சொல்லும் அகராதியில் இடம்பெற்றுள்ளது. பிறர் முடிச்சைத் தன் கைக்கு மாற்றிக்கொள்பவன் என அதற்குப் பொருள் கொள்ளலாம்.

இச்சொல் பிறக்க வேண்டுமானால் முதலில் முடிச்சு வேண்டும். தைத்த சட்டை பொதுவழக்கிற்கு வருமுன், தமிழர் உடையில் பணம் வைக்கத் தனியிடம் இருந்ததில்லை. ஆடவர் இடுப்பு மடியிலும் மேல்துண்டின் முனையிலும் காசை முடிந்தனர். பெண்டிர்க்கு முந்தானை முடிச்சு. வயது முதிர்ந்தோர்க்குச் சுருக்குப்பை. திருச்செங்கோட்டு வைகாசித் தேரிலோ, சேலம் கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவிலோ, புதன்சந்தை மாட்டுச் சந்தையிலோ கூட்டம் நெருக்கும்போது, மாடு விற்ற பணம் உடையவன் அறியாமல் மடியிலிருந்து நீங்க வேண்டுமாயின், அதற்கு வலிமை பயன்படாது. விரல் நுண்மையே வேண்டும். வழிப்பறிக்காரனிடமிருந்தும் கன்னக்கோல் கொண்டு சுவர் துளைப்பவனிடமிருந்தும் இவனைப் பிரித்துக் காட்ட மக்கள் தனிப்பெயர் இட்டனர். அப்பெயரில் சினத்தோடு ஒரு துளி வியப்பும் கலந்திருக்கிறது என்று கருத இடமுண்டு.

ஆங்கிலத்திலும் இதே வரலாறு உண்டு. அங்கே பணப்பை இடைவாரில் தொங்கிய காலத்தில் அதை அறுத்தவன் ‘கட்பர்ஸ்’ எனப்பட்டான். உடையில் பை தைக்கும் வழக்கம் வந்தபின், பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில், ‘பிக்பாக்கெட்’ என்னும் சொல் தோன்றியது. அங்கே அறுத்தார்கள், இங்கே அவிழ்த்தார்கள். தமிழகத்திற்குச் சட்டைப்பை வந்தபோது அதனோடு ‘ஜேப்பு’ என்ற பெயரும் வந்தது. பின்னாலேயே ‘ஜேப்படி’யும் வந்தது. ஜேப்பு, இந்துஸ்தானி வழியாக வந்த அரபுச் சொல். அரபியில் ‘ஜைப்’ என்பது முதலில் உடையின் மார்புப் பிளவைக் குறித்தது. வடமொழி ‘ஜீவா’ அரபு எழுத்தில் உருமாறியபோது அதனை ‘ஜைப்’ எனப் படித்துவிட்டனர். அதையே இலத்தீனில் ‘சைனஸ்’ என மொழிபெயர்த்தனர். கணித வகுப்பில் ‘சைன்’ என்று எழுதும் மாணவன், ஜேப்படிக்காரனின் பாதிப் பெயரைத் தன்னையறியாமல் எழுதுகிறான்.

சிறுதிருட்டைக் குறிக்கும் வினைகளைத் தொகுத்தால் மற்றொன்று புலப்படும். அடித்தான், சுட்டான், அமுக்கினான், தட்டினான் என்றே தமிழர் பேசுகின்றனர். பெரும்பாலும் கைச்செயல்கள். ஆங்கிலக் கொச்சையிலும் சிறுதிருட்டு ‘பிஞ்ச்’, அதாவது கிள்ளுதல். கிழக்கு இலண்டன் மக்கள் அதனோடு ஒலியியைபு கொண்ட ‘ஹாஃப் இன்ச்’, அரை அங்குலம், என்பதையே அதற்குரிய குழூஉக்குறியாக்கினர். இயைபுத் தொடையிலிருந்து ஒரு திருட்டுச்சொல் பிறந்தது கவிஞர்கள் சுவைக்கத்தக்க செய்தி. பழந்தமிழில் களவு என்னும் சொல்லே மறைவொழுக்கமாகிய காதலுக்கும் உரியதாயிற்று. கள்வன் என்பது நண்டையும் குறித்தது. ஐங்குறுநூற்றில் ‘கள்வன் பத்து’ நண்டைப் பற்றியதே.

இவை யாவும் செயலைக் குறித்த பெயர்கள். அவிழ்த்தவனே முடிச்சவிழ்க்கி, அவன் மகனுக்கு அப்பெயர் உரியதன்று. பெயர் ஆளின்மேல் ஏறி நிலைத்துவிட்டால் நேர்வது என்ன என்பதைச் சிலப்பதிகாரம் காட்டிவிட்டது. கோவலன் தோற்றத்தில் கள்வனாகத் தெரியவில்லை என்று காவலர் தயங்குகின்றனர். பொற்கொல்லனோ மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி எனக் கள்வர்க்குத் துணையாவன எட்டினை விரித்துரைக்கிறான். கேட்டவர்களுக்கு எதிரில் நிற்பவன் மறைந்து, சொல்லின் கள்வனே தெரிகிறான். பின்னர் வாள் வீழ்கிறது.

பொற்கொல்லன் ஒருவனுக்குச் செய்ததை 1871இல் ஆங்கில அரசு குலங்களுக்குச் செய்தது. குற்றப்பரம்பரைச் சட்டம் முதலில் வடஇந்தியாவில் நடைமுறைக்கு வந்தது. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி சென்னை மாகாணத்திற்கும் விரிந்தது. அறிவிக்கப்பட்ட குலத்தார் கைரேகை பதிய வேண்டும். குறித்த வேளையில் நிலையத்தில் தோன்ற வேண்டும். ஊர்விட்டு ஊர் செல்லத் தெரிவிக்க வேண்டும். திருட்டு கையின் செயல் என்பது போய்ப் பிறப்பின் இயல்பு என்றாயிற்று. ‘கேப்மாரி’ இதற்குக் கண்கூடான சான்று. அது ஒரு மக்கட்பிரிவின் பெயர். காவல்துறைப் பதிவுகளில் திருடர் கூட்டமாக எழுதப்பட்டு, அங்கிருந்து தெருவிற்கு இறங்கி, இன்று பொருளறியாது வீசப்படும் வசையாகிவிட்டது. 2019இல் ஒரு திரைப்படத்திற்கும் அது தலைப்பாயிற்று. முடிச்சவிக்கியையும் கேப்மாரியையும் ஒரே மூச்சில் சொல்வது வழக்கம். முன்னது ஒரு செயலை ஏசுகிறது. பின்னது உயிரோடிருக்கும் குடும்பங்களை ஏசுகிறது.

இச்சமவெளிக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. உப்புக் குறவர் கடற்கரை உப்பைக் கழுதைகளிலும் எருதுகளிலும் ஏற்றி உள்நாட்டிற்குக் கொணர்ந்து, தானியம் மாற்றிச் சென்றவர்கள். சங்க இலக்கியத்தின் உமணர் செய்த தொழில் அதுவே. 1805இல் சென்னை மாகாணத்தில் உப்பு கம்பெனியின் தனியுரிமையாயிற்று. 1860களின் தொடக்கத்தில் இருப்புப்பாதை சேலத்தைத் தொட்டது. பொதி எருதின் வேலை குறைந்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த பஞ்சம் மிகக் கடுமையாகத் தாக்கிய மாவட்டங்களுள் சேலமும் ஒன்று. இவ்வாறு பொதி இழந்து வழியில் அலைந்தவர்களே பின்னர்ப் பட்டியலில் ஏறினர். விற்ற பண்டத்தால் பெற்ற பெயர், சட்டத்தின் ஏட்டில் குற்றத்தின் பெயராயிற்று.

சென்னை மாகாணத்தில் இச்சட்டம் 1947இல் நீக்கப்பட்டது. அவ்வாண்டு உள்துறை அமைச்சராக இருந்தவர் திருச்செங்கோட்டுப் பகுதியைச் சேர்ந்த குமாரமங்கலம் ப. சுப்பராயன். 1952இல் நாடு முழுவதும் சட்டம் ஒழிந்தது. அதன் பின்னர் அம்மக்கள் ‘சீர்மரபினர்’ எனப்பட்டனர். நலத்திட்டங்களுக்கெனத் தமிழக அரசு வைத்துள்ள சீர்மரபினர் பட்டியலில் கேப்மாரி என்னும் பெயர் உள்ளது. அதே பட்டியலில் சேலம் உப்புக் குறவர், சேலம் மேல்நாட்டுக் குறவர், ஆத்தூர்க் கீழ்நாட்டுக் குறவர் என்னும் பெயர்களும் உள்ளன. 1997இல் சேலத்திலிருந்து பிரிந்த நாமக்கல் மாவட்டத்தின் பெயரும் அப்பதிவுகளில் சேர்ந்துகொண்டது. முடிச்சவிழ்க்கி என்ற பெயரில் எந்தக் குலமும் அப்பட்டியலில் இல்லை.