பழைய துப்பாக்கி என்ன விலை?

மாட்டுச் சந்தையில் தரகர் கையின்மேல் துண்டைப் போட்டு மூடி, அதன் மறைவில் விரலைப் பிடித்து விலை பேசுவார். அதற்கு முன்னாலேயே மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தாகிவிடும், சுழி பார்த்தாகிவிடும், நாலு தப்படி நடக்கவிட்டும் பார்த்தாகிவிடும். சேலம், நாமக்கல் சமவெளியில் எந்தக் குடியானவனுக்கும் இந்தக் கலையைச் சொல்லித் தர வேண்டியதில்லை. இதே மண்ணில் இன்னொரு சரக்கும் பழையதாகக் கைமாறிக் கொண்டிருந்த காலம் உண்டு. அது பட்டாளத்துத் துப்பாக்கி. அதற்கும் பல் பார்க்கும் முறை இருந்தது. ஆனால் அதன் விலையைத் தீர்மானித்தது பல் அல்ல. எது தீர்மானித்தது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

பதினெட்டாம் நூற்றாண்டில் இந்தச் சீமையில் கோட்டைகள் படாத பாடு பட்டன. 1768-ல் கும்பெனிப் படை நாமக்கல் மலைக்கோட்டையைப் பிடித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஹைதர் அலி அதைத் திருப்பிப் பிடித்துக்கொண்டார். கடைசியில் 1792-ல், ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி, திப்பு சுல்தான் சேலத்தையும் பாராமகாலையும் விட்டுக்கொடுத்தார். காப்டன் ரீடும் அவருக்கு உதவியாக தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து வரி போட வந்து சேர்ந்தார்கள். கோட்டை கைமாறினால் அதிலிருந்த ஆயுதமும் கைமாறும் அல்லவா? தோற்றவன் போட்டுவிட்டு ஓடியது, வீடு திரும்பிய சிப்பாய் ஒளித்துக் கொண்டு போனது, பிரெஞ்சுக்காரர் விற்றது என்று பல வழிகளில் துப்பாக்கி தென்னாட்டுப் பாளையங்களுக்குள் புகுந்தது.

அப்போது கும்பெனிச் சிப்பாயின் தோளில் இருந்தது 'பிரௌன் பெஸ்' என்று செல்லப் பெயர் பெற்ற துப்பாக்கி. குழலின் வாய் முக்கால் அங்குலம். உள்ளே வரி கிடையாது. புட்டியின் கழுத்தைப் போல வழுவழுப்பு. வாய் வழியாக மருந்தையும் குண்டையும் போட்டுக் கோலால் கெட்டிக்க வேண்டும். குதிரையின் வாயில் கவ்வியிருக்கும் சக்கிமுக்கிக் கல் எஃகில் உரசிப் பொறி பறக்கும். கிண்ணியிலுள்ள மருந்து பற்றும். அந்தத் தீ சிறு துளை வழியாக உள்ளே போய்க் குண்டைத் தள்ளும். நூறு கஜத்துக்கு அப்பால் நிற்பவனை இதைக்கொண்டு குறிபார்த்து அடிப்பது பெரும்பாலும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. எதிரே நிற்பதும் ஒரு மனிதச் சுவராகவே இருந்தபடியால் அந்த யுத்தங்களுக்கு இது போதுமானதாயிருந்தது.

இப்படிப்பட்ட துப்பாக்கியைப் பழையதாக வாங்குகிறவன் முதலில் அந்தத் துளையைப் பார்க்க வேண்டும். ஆயிரம் முறை தீ போய் வந்த துளை அரித்து அகன்றிருக்கும். அகன்றால் தீயும் வேகமும் பக்கவாட்டில் வீணாகும். அகன்ற துளையில் செம்பு அடைத்து மறுபடி துளைத்திருந்தால், அது உழைத்த துப்பாக்கி என்று அர்த்தம். பிறகு குதிரையை இழுத்துப் பார்க்க வேண்டும். பாதி இழுப்பில் நிற்கவில்லையென்றால், அது எதிரியைவிட எஜமானனுக்கே ஆபத்து. பிறகு குழலின் உட்புறத்துத் துரு, கட்டையின் கழுத்தில் வெடிப்பு. கும்பெனியின் ஆயுதசாலைகளில் மூன்று வகையாகப் பிரிப்பார்கள்: உபயோகமானது, மராமத்துக்கு உரியது, உதவாதது. இந்த மூன்றாம் வகையைக் கண்டு கழித்துவிடுவதுதான் மிகவும் சிரமம். உதவாதது என்று சர்க்கார் தள்ளியதை உதவும்படி செய்ய நம் ஊர்க் கொல்லனுக்குத் தெரியும். கஞ்சமலைக் கருமணலை உருக்கி உருக்கு எடுத்த ஊர் அல்லவா?

ஒரு வேடிக்கை. கும்பெனி இந்தியாவுக்கென்று கொஞ்சம் மலிவாக, 39 அங்குலக் குழலோடு, தனி மாதிரி ஒன்றைச் செய்வித்து வந்தது. அதற்கு 'இந்தியா மாதிரி' என்றே பெயர். 1790-களில் பிரான்ஸோடு யுத்தம் மூண்டதும் இங்கிலாந்து ராஜாவின் பட்டாளத்துக்குத் துப்பாக்கி போதவில்லை. கும்பெனியின் கிடங்கில் இருந்ததை வாங்கிக்கொண்டார்கள். அந்த மாதிரியையே தங்கள் மாதிரியாகவும் ஏற்றுக்கொண்டார்கள். நமக்காகச் செய்த மலிவுச் சரக்கு, நெப்போலியனை எதிர்த்த சேனையின் ஆயுதமாயிற்று. இந்த ஒரு தடவைதான் வரிசை மாறியது. அதற்குப் பிறகு நூறு வருஷம், அவர்கள் கழித்தது நமக்கு என்பதே முறை.

1801 டிசம்பரில் சென்னைக் கவர்னர் எட்வர்ட் கிளைவ், தெற்குப் பாளையங்களில் ஆயுதம் வைத்திருக்கக் கூடாதென்று பிரகடனம் செய்தார். 1805-ல் தீரன் சின்னமலையைச் சங்ககிரியில் தூக்கிலிட்டார்கள். அன்றிலிருந்து துப்பாக்கியின் விலையில் இரும்பின் பங்கு குறைந்துபோயிற்று; யார் வைத்துக்கொள்ளலாம் என்ற கேள்விதான் விலையாயிற்று.

பழைய துப்பாக்கியைப் புதுப்பிக்கும் கதை இனிமேல்தான் சுவாரஸ்யமாகிறது. சக்கிமுக்கிக்குப் பெரிய சத்துரு மழை. 1841 மே மாதம் சீன யுத்தத்தில், சென்னைப் பட்டாளத்தின் 37-ஆவது ரெஜிமெண்டைச் சேர்ந்த ஒரு கம்பெனி, கான்டன் நகருக்கு வடக்கே அடை மழையில் வழி தவறிற்று. ஈட்டியும் கத்தியும் ஏந்திய கிராமத்து ஜனங்கள் ஆயிரக்கணக்கில் சூழ்ந்துகொண்டார்கள். சிப்பாய்கள் துப்பாக்கியை நீட்டினார்கள், ஒன்றும் வெடிக்கவில்லை. மருந்து சேறாகியிருந்தது. சதுரமாக நின்று துப்பாக்கி முனையில் செருகிய கத்தியால் குத்தியே சமாளித்தார்கள். தேடி வந்த வெள்ளைக்கார மரைன்கள் சில வேட்டுகள் போட்டதும் கூட்டம் கலைந்தது. அவர்கள் வைத்திருந்தது 'கேப்பு'த் துப்பாக்கி. தீபாவளிக்குக் குழந்தைகள் வெடிக்கும் கேப்பின் மூதாதை அது. அடித்தால் பற்றும் மருந்தை ஒரு செப்புக் குப்பியில் அடக்கிவிட்டால், மழையானாலும் காற்றானாலும் கவலையில்லை.

பழைய துப்பாக்கியைக் கேப்புத் துப்பாக்கியாக்குவது பெரிய வித்தை அல்ல. கிண்ணியை எடுத்துவிட்டு, துளை இருந்த இடத்தில் ஒரு முளையைப் பொருத்தி, கல்லைக் கவ்விய குதிரைக்குப் பதில் சுத்தியலைப் போன்ற குதிரையை மாட்டிவிட்டால் தீர்ந்தது. இங்கிலாந்தில் லட்சக்கணக்கில் மாற்றத் திட்டமிட்டார்கள். 1841 அக்டோபரில் லண்டன் டவர் ஆயுதக் கிடங்கில் தீப் பிடித்து, மாற்றக் காத்திருந்தவற்றில் பெரும் பகுதி எரிந்துபோயிற்று. பழசையே ஒட்டுப்போடலாம் என்று கணக்குப் பார்த்தவர்கள், புதிதாகவே செய்ய வேண்டியதாயிற்று.

அடுத்து வந்தது 1853-ன் என்ஃபீல்டு. குழலுக்குள் மூன்று வரிகள் திருகலாக ஓடும். குண்டு சுழன்றுகொண்டே போவதால் தூரம் போகும், நேராகவும் போகும். குறிக்கட்டையில் 900 கஜம் வரை அளவு போட்டிருந்தார்கள். அதன் தோட்டாவில் தடவிய கொழுப்பு 1857-ல் என்ன செய்தது என்பது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதற்கு அப்புறம் நடந்ததுதான் பலருக்குத் தெரியாது. கலகம் அடங்கியதும், இந்தியச் சிப்பாய் கையில் இவ்வளவு நல்ல துப்பாக்கி இருக்கலாமா என்ற யோசனை பிறந்தது. அதே என்ஃபீல்டை எடுத்து, உள்ளே இருந்த வரிகளைக் கடைந்து எடுத்து, வழுவழுப்பாக்கிக் கொடுத்தார்கள். ஏறி இறங்கும் குறிக்கட்டையைக் கழற்றிவிட்டு, அசையாத ஒரு துண்டை வைத்தார்கள். கடைந்ததில் குழலின் சுவர் மெலிந்து, கொஞ்சம் இடித்தாலும் நசுங்கியது. ஆகவே மறுபடி பணம் செலவழித்துத் தடித்த குழலோடு 1859-ல் இன்னொரு மாதிரி செய்தார்கள். துப்பாக்கியின் சரித்திரத்தில் எல்லாச் சீர்திருத்தமும் அதை நன்றாகச் சுடச் செய்வதற்குத்தான். குறி தவறுவதற்கென்றே கைக்கூலி கொடுத்துச் செய்வித்த சீர்திருத்தம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

வெள்ளைச் சோல்ஜரின் துப்பாக்கிக்கோ நேர்மாறான வைத்தியம் நடந்தது. 1866-ல் ஸ்னைடர் என்ற அமெரிக்கரின் யோசனைப்படி, என்ஃபீல்டின் பின்பக்கத்தில் இரண்டரை அங்குலம் வெட்டிவிட்டு, பக்கவாட்டில் திறக்கும் கதவு ஒன்றை வைத்தார்கள். வாய் வழியாகக் கெட்டிக்க வேண்டியதில்லை. பின்னால் தோட்டாவைப் போட்டு மூடினால் போதும். நிமிஷத்துக்கு மூன்று வேட்டு போட்டது பத்து வேட்டு போட்டது. பழைய சாமானில் இவ்வளவு லாபம் கண்டவர்கள் குறைவு. 1871-ல் மார்ட்டினி-ஹென்றி வந்து வெள்ளைக்காரன் அதற்கு மாறிய பிறகு, ஸ்னைடர் சிப்பாய்க்கு வந்தது. வெள்ளைக்காரன் பல தோட்டாக்கள் அடங்கிய லீ-மெட்ஃபோர்டுக்குப் போன பிறகு, மார்ட்டினி சிப்பாய்க்கு வந்தது. அண்ணன் சட்டை தம்பிக்கு என்பதுபோல. ஆனால் வீட்டில் தம்பி வளர்ந்தால் புதுச் சட்டை எடுப்பார்கள்.

குடியானவனுக்கு அந்தப் பழைய சட்டையும் இல்லை. லிட்டன் பிரபுவின் 1878-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் அவனை லைசென்ஸுக்கு அலையவிட்டது. ஐரோப்பியருக்கு விலக்குக் கொடுத்தது. 1887-ல் சென்னையில் கூடிய காங்கிரஸ் இதைப் பற்றித் தீர்மானமே போட்டது. கடலைக் காட்டில் பன்றி இறங்குகிறதென்று மனுப் போட்டு லைசென்ஸ் வாங்கியவனுக்கும் பெரும்பாலும் கிடைத்தது வாயில் கெட்டிக்கும் துப்பாக்கிதான். கொல்லிமலையிலும் கல்வராயன் மலையிலும் அந்த ஜாதி இன்னும் அற்றுப்போகவில்லை. உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைக்கும்படி போலீசார் அறிவிப்பதும் உண்டு.

சுதந்திரம் வந்த பிறகு 1959-ல் புதுச் சட்டம் இயற்றி, 1962-ல் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். வெள்ளைக்காரனுக்கு விலக்கு என்பது போயிற்று. ஆனால் பட்டாளத்து .303 தனி மனிதர் வைத்துக்கொள்ளக்கூடாத வகையிலேயே இருக்கிறது. அதற்குப் பதில் இஷாப்பூர் தொழிற்சாலை .315 என்ற ரைபிளைச் செய்து தந்தது. பார்வைக்கு ஏறக்குறைய அதே லீ-என்ஃபீல்டு அமைப்பு. பட்டாளத் தோட்டா அதில் செல்லாது. அதை இரண்டாம் கையாக வாங்குகிறவனும் குழலை வெளிச்சத்தில் நீட்டி வரி தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கலாம். பூட்டு இறுக்கமாயிருக்கிறதா என்று அசைத்துப் பார்க்கலாம். சொந்தமாக மாற்றியமைப்பது மட்டும் கூடாது. உரிமமில்லாமல் குழலைக் குறைப்பதும் குற்றம். 2019-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, ஒருவர் மூன்று வைத்திருக்கலாம் என்பதும் இரண்டாகிவிட்டது.

1859-ன் கடைசல் யந்திரம் மட்டும் சும்மா இருக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டில் அதே இஷாப்பூரில் .303 ரைபிள்களை எடுத்து, உள் வரிகளைக் கடைந்து நீக்கி, .410 என்ற வழுவழுப்புத் துப்பாக்கிகளாக்கினார்கள். ஒரு தடவைக்கு ஒரு தோட்டாதான். சிறைக் காவலர்களும் போலீஸ்காரர்களும் நெடுங்காலம் தோளில் சுமந்தது இதைத்தான்.