உட்காருது, ஆனா ஓடல

ரெண்டு வாரமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கல. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு பொய் சொல்ல விரும்பல மக்கா. வீட்ல ஒரு பழைய பொட்டியைப் பிரிச்சுப் போட்டுட்டு, திரும்பச் சேர்க்கத் தெரியாம முழிச்சுக்கிட்டு இருந்தேன். அந்தக் கதையோட அதுக்குப் பின்னாடி இருக்கற நாப்பது வருஷ வரலாற்றையும் சேர்த்து ஒரு கொசுவத்தி சுத்திக்கறேன்.

2016-ல இன்ஜினியரிங் படிக்கும்போது அசெம்பிள் பண்ண மெஷின் அது. இன்டெல் ஐ3-6100 பிராசஸர், எச்110 மதர்போர்டு, 8 ஜிபி டிடிஆர்4 ரேம். இப்ப தங்கச்சி காலேஜ் சேர்ந்திருக்கா. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சு போச்சு. விண்டோஸ் 11-ஓ, இன்டெல்னா பெரும்பாலும் 8-ம் தலைமுறைக்கு மேலதான் சேர்த்துக்கும். நம்மளுது 6. கையில இருந்தது பத்தாயிரம் ரூபா.

அம்பத்தூர்ல ரயிலேறி சென்ட்ரல்ல இறங்கி ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு நடந்தேன். பழைய ஐ5-8400 ஒண்ணு 4,500 ரூபாய்க்குக் கிடைச்சது. "போர்டு என்ன சார்?"னு கடைக்காரர் கேட்டார். "1151 சாக்கெட்"னு கெத்தா சொன்னேன். "சார், எந்த சீரீஸ்..."னு இழுத்தார். நாமதான் சாஃப்ட்வேர் இன்ஜினியராச்சே, "அதெல்லாம் எனக்குத் தெரியும்ணே"ன்னு காசைக் குடுத்துட்டு வந்துட்டேன்.

வீட்டுக்கு வந்து மாட்டினேன். ஓரத்துல இருக்கற ரெண்டு வெட்டும் சரியாப் பொருந்துச்சு, லீவரும் மூடுச்சு. பவர் பட்டனை அமுக்கினா ஃபேன் மட்டும் சுத்துது. திரையில ஒண்ணுமே இல்ல. அவ்வ்வ்!

பக்கத்துல அப்பா உட்கார்ந்திருந்தார். அம்பத்தூர் எஸ்டேட்ல லேத் ஓட்டி ரிட்டையர் ஆனவர். நான் கழட்டி வச்ச ஸ்க்ரூவை எல்லாம் ரெண்டு குவியலாப் பிரிச்சுக்கிட்டு இருந்தார். "இது இன்ச் மரை, இது எம்எம் மரை. கலந்துடாத. பாக்க ஒண்ணா இருக்கும், ரெண்டு சுத்து ஏறும், அப்புறம் மரை போயிடும்"னார். அவர் சொன்னது சரிதான். கேபினட்டுக்கும் ஹார்டு டிஸ்குக்கும் போடறது 6-32ங்கற அமெரிக்க இன்ச் மரை. சிடி டிரைவுக்கும் எஸ்எஸ்டிக்கும் போடறது எம்3. ஒரே பொட்டிக்குள்ள ரெண்டு நாட்டு அளவு!

ஒரு பட்டறையில செஞ்ச போல்ட் இன்னொரு பட்டறையில செஞ்ச நட்ல ஏறணும்னா ரெண்டு பேரும் முன்னாடியே ஒரு அளவுக்கு ஒத்துக்கிட்டு இருக்கணும். மரைக்கு அப்படி ஒரு பொது அளவை 1841-ல இங்கிலாந்துல ஜோசப் விட்வொர்த் முன்வச்சார். கம்ப்யூட்டருக்கு அந்த ஒப்பந்தம் பாதி தற்செயலா வந்து சேர்ந்தது.

1981 ஆகஸ்ட் 12-ல ஐபிஎம் தன்னோட முதல் பிசியை வெளியிட்டது. அவசரமா செய்ய வேண்டியிருந்ததால வெளியில கிடைக்கற பாகங்களையே வாங்கிச் சேர்த்தாங்க. பிராசஸர் இன்டெல் 8088, இயங்குதளம் மைக்ரோசாஃப்ட்டுது. உள்ளே எது எப்படி வேலை செய்யுதுன்னு கையேடே போட்டு வித்தாங்க. ஐபிஎம் கையில தனியா இருந்த பூட்டு, பயாஸ்ங்கற சின்ன புரோகிராம் மட்டும்தான். காம்பேக் நிறுவனம் அதைக் காப்பி அடிக்காம, அது செய்யற வேலையை மட்டும் பார்த்துப் புதுசா எழுதி, 1982 நவம்பர்ல தன்னோட மெஷினை அறிவிச்சது. 1984-ல ஃபீனிக்ஸ் நிறுவனம் அதே மாதிரி ஒரு பயாஸை எழுதி, கேட்டவங்களுக்கெல்லாம் வித்தது. அதுக்கப்புறம் யார் வேணும்னாலும் பிசி செய்யலாம்னு ஆச்சு.

ஐபிஎம் சும்மா இருக்குமா? 1987-ல பிஎஸ்/2ன்னு புது வரிசை கொண்டு வந்தது. மைக்ரோ சேனல்னு புது ஸ்லாட், பழைய கார்டு எதுவும் அதுல உட்காராது. மத்தவங்க அதைச் செய்யணும்னா ஐபிஎம்முக்குக் கப்பம் கட்டணும். 1988-ல காம்பேக் உட்பட ஒன்பது நிறுவனங்கள் சேர்ந்து, பழைய கார்டும் உட்கார்ற மாதிரி ஈசாங்கற மாற்றை அறிவிச்சாங்க. மைக்ரோ சேனல் கொஞ்ச வருஷத்துல காணாமப் போச்சு. அந்த பிஎஸ்/2 வரிசையில மிஞ்சினதுல ஒண்ணு, கீபோர்டும் மவுஸும் சொருகற அந்த உருண்டை ஓட்டை. என் எச்110 போர்டுலகூட அது இருக்கு.

நம்ம ஊருக்கு இது எப்படி வந்தது? 1978-ல, அந்நியச் செலாவணிச் சட்டப்படி பங்கைக் குறைக்க மறுத்து ஐபிஎம் இந்தியாவை விட்டே போயிடுச்சு. 1984 நவம்பர்ல வந்த புதிய கணினிக் கொள்கை இறக்குமதியைக் கொஞ்சம் தளர்த்துச்சு. 1997-ல இந்தியா உலக வர்த்தக அமைப்போட தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்துல சேர்ந்து, கம்ப்யூட்டர், பாகங்கள் மேல இருந்த சுங்க வரியைப் படிப்படியாக் குறைச்சு 2005-க்குள்ள பூஜ்யமாக்குச்சு. ரேடியோ பார்ட்ஸுக்குப் பேர்போன ரிச்சி ஸ்ட்ரீட், போர்டும் ரேமும் குவியற இடமா வளர்ந்ததுக்குப் பின்னால இதெல்லாம் இருக்கு. பெரிய கம்பெனி பொட்டியை வாங்க முடியாத அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வீடுகளுக்குக் கம்ப்யூட்டர் வந்தது பெரும்பாலும் "அசெம்பிள்டு" மெஷினாத்தான். ஒவ்வொரு பாகமும் ஒவ்வொரு கம்பெனி. அவங்க ஒத்துப்போனாதான் நம்ம வீட்ல லைட் எரியும்.

சில ஒப்பந்தம் நீடிச்சது. 1995-ல இன்டெல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் அளவை எல்லாரும் ஏத்துக்கிட்டாங்க. போர்டுல ஸ்க்ரூ ஓட்டை இருக்கற இடம் இன்னைக்கும் கிட்டத்தட்ட அதேதான். அதுக்கு முன்னாடி போர்டுக்கு பவர் ரெண்டு தனித்தனி கனெக்டர்ல வரும். கருப்பு ஒயர் கருப்பு ஒயர் பக்கத்துல வரணும், மாத்திச் சொருகினா போர்டு காலி. ரேமுக்கு ஜெடெக்னு பொது அமைப்பு இருக்கு. டிடிஆர்2-வுக்கும் டிடிஆர்3-க்கும் 240 பின்தான், ஆனா ஒண்ணு 1.8 வோல்ட், இன்னொண்ணு 1.5. அதனாலதான் நடுவுல இருக்கற வெட்டைத் தள்ளி வச்சாங்க. தப்பான ரேம் உள்ளேயே போகாது. என்ன ஒரு நல்ல மனசு!

சில ஒப்பந்தம் நீடிக்கல. சாக்கெட் 7-ல இன்டெல் பென்டியமும் உட்காரும், ஏஎம்டி கே6-ம் உட்காரும், சைரிக்ஸும் உட்காரும். 1997-ல பென்டியம் 2-வோட இன்டெல் ஸ்லாட் 1-க்குப் போயிடுச்சு. அது இன்டெல்லோட சொந்தச் சொத்து, ஏஎம்டி நுழைய முடியல. ரெண்டு கம்பெனி பிராசஸரும் ஒரே போர்டுல உட்கார்ந்த காலம் அதோட முடிஞ்சது.

இப்ப என் 1151-க்கு வரேன். 2015-ல வந்த 1151-ஐ 6, 7-ம் தலைமுறைகள் பயன்படுத்துச்சு. 2017-ல 8-ம் தலைமுறை வந்தப்பவும் பேரு அதே 1151, பின் எண்ணிக்கையும் அதே 1151. ஆனா சில பின்களோட வேலையை மாத்தி, மின்சாரத்துக்கு அதிகம் ஒதுக்கியிருந்தாங்க. கோர் எண்ணிக்கை கூடினதால இது தேவைன்னு இன்டெல் சொல்லுச்சு. கையில நேரம் இருக்கற ஆர்வலர்கள் பயாஸை மாத்தி, சில பின்களை மறைச்சு, பழைய போர்டுலயே புதுசை ஓட்டிக் காட்டினாங்க. தேவையா, வியாபாரமான்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க. ரேமுக்கு வெட்டைத் தள்ளி வச்ச மாதிரி இங்கயும் தள்ளி வச்சிருந்தா என்னை மாதிரி ஆளுங்க பொழைச்சிருப்போம்.

எதிர்ப்பக்கத்துல ஏஎம்டியோட ஏஎம்4 சாக்கெட் 2016-ல இருந்து பல வருஷம் ஓடுச்சு. அங்கயும் 2020-ல, 400 சீரீஸ் போர்டுல ரைசன் 5000 வராதுன்னு முதல்ல அறிவிச்சாங்க. வாங்கினவங்க போட்ட சத்தத்துல சில நாள்லயே பின்வாங்கிட்டாங்க. சத்தம் போட்டா நடக்குது பாருங்க.

கடைசியில, 300 சீரீஸ்ல ஒரு பழைய எச்310 போர்டு தேடிப் பிடிச்சேன். கேபினட் அதேதான். எஸ்எம்பிஎஸ், ரேம், ஹார்டு டிஸ்க் எல்லாம் பழசே உட்கார்ந்துச்சு, ஓடவும் செஞ்சுது. பொது ஒப்பந்தத்துல வந்த பாகம் ஒண்ணுக்கூட என்னைக் கைவிடல. ஒரே கம்பெனி கையில இருந்த சாக்கெட்டுக்குத்தான் தண்டம் அழுதேன். பட்ஜெட் பன்னிரண்டாயிரம் ஆச்சு. மேல போன ரெண்டாயிரத்தை அப்பா குடுத்தார். "கேஜ்ல பாக்காம ஜாப்பைக் கழட்டாத"ன்னு ஒரு வார்த்தையும் சேர்த்துக் குடுத்தார்.

அதனால மக்கா, பட்ஜெட்ல அப்கிரேட் பண்றவங்க முதல்ல போர்டோட முழு மாடல் நம்பரை எழுதிக்கோங்க. போர்டு கம்பெனி போட்டிருக்கற பிராசஸர் பட்டியல்ல, எந்த பயாஸ் பதிப்புல இருந்து ஓடும்ங்கறது வரை பாருங்க. சாக்கெட் நம்பரை மட்டும் நம்பாதீங்க.

டிஸ்கி: கடைக்காரர் "சார், எந்த சீரீஸ்..."னு இழுத்தா, தயவுசெஞ்சு முழுசாப் பேச விடுங்க :-)