பச்சை அட்டையின் ஆயுள்: கிறைஸ்ட்சர்ச் சேத ஆய்வுப் பதிவுகள், 2010–2011

பேரிடருக்குப் பிந்தைய சேத ஆய்வு என்பது ஒரு குறிப்பிட்ட நாளில், ஒரு குறிப்பிட்ட அளவு ஆழத்தில், ஒரு கட்டடத்தைப் பார்த்துச் சொல்லப்படும் கருத்து. நாளும் ஆழமும் முடிவோடு சேர்ந்தே பதிவாகி, கட்டடத்துக்குள் போய்வருவோர் வரை சேர்ந்தே சென்றடைய வேண்டும். வழியில் அவை உதிர்ந்து, முடிவு மட்டும் மிஞ்சினால் அந்தப் பதிவே ஆபத்தாகிவிடும். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் 2010 செப்டம்பர் முதல் 2011 இறுதி வரை அடுத்தடுத்து வந்த நிலநடுக்கங்கள் இதைத் தெளிவாகக் காட்டுகின்றன. அங்கே ஆய்வுகளுக்குக் குறைவில்லை. ஓர் ஆய்வின் முடிவு எதுவரை செல்லும் என்பதைச் சொல்லும் ஏற்பாடுதான் இல்லாமல் போனது.

கட்டடங்களுக்கு நிற அட்டை ஒட்டும் முறை கலிபோர்னியாவிலிருந்து பரவியது. அப்ளைடு டெக்னாலஜி கவுன்சில் என்ற அமைப்பு 1989-இல் ஏடிசி-20 என்ற கையேட்டை வெளியிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் லோமா பிரீட்டா நிலநடுக்கம் தாக்கியபோது அது களத்தில் பயன்பட்டது. பச்சை என்றால் ஆய்வு முடிந்தது, பயன்பாட்டுக்குத் தடையில்லை; மஞ்சள் என்றால் கட்டுப்பாட்டுடன் பயன்படுத்தலாம்; சிவப்பு என்றால் உள்ளே நுழையக் கூடாது. நியூசிலாந்து இதைத் தன் சூழலுக்கு ஏற்பத் தழுவிக்கொண்டது. முதல் நிலை ஆய்வில் கட்டடத்தைப் பெரும்பாலும் வெளியிலிருந்து சில நிமிடங்களில் பார்ப்பார்கள். இரண்டாம் நிலையில் உள்ளேயும் சென்று பார்ப்பார்கள். கணக்கீடுகளோடு கூடிய விரிவான பொறியியல் மதிப்பீடு இவ்விரண்டுக்கும் பிறகு வர வேண்டியது.

விரைவு ஆய்வு கேட்கும் கேள்வி மிகக் குறுகியது: நிலநடுக்கத்துக்கு முன்பு இருந்த வலிமையைக் கட்டடம் கண்ணுக்குத் தெரியும் அளவில் இழந்திருக்கிறதா? முன்பு இருந்த வலிமை போதுமானதா என்று அது கேட்பதில்லை. கட்டும்போதே பலவீனமாகக் கட்டப்பட்ட கட்டடமும் வெளியே விரிசல் தெரியாவிட்டால் அன்று பச்சை அட்டை பெற முடிந்தது. அட்டையிலேயே வெளிப்புறம் மட்டும் பார்க்கப்பட்டதா, உட்புறமும் பார்க்கப்பட்டதா என்று குறிக்கக் கட்டங்கள் இருந்தன. நடந்தது சுருக்கமான ஆய்வுதான், விரிவான மதிப்பீட்டை உரிமையாளர் செய்துகொள்வது நல்லது என்ற எச்சரிக்கையும் இருந்தது. ஆனால் அவை சிறு எழுத்தில் இருந்தன. வாசலைக் கடந்து வேலைக்குப் போகிறவரின் கண்ணில் பட்டது நிறம் மட்டுமே.

2010 செப்டம்பர் 4 அதிகாலையில், நகருக்கு மேற்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் டார்ஃபீல்டு அருகே 7.1 அளவு நிலநடுக்கம் ஏற்பட்டது. நகர மையத்தில் இருந்த ஆறு மாடி சிடிவி கட்டடமும் ஆய்வுக்குள்ளானது. ஆங்கிலிகன் திருச்சபையின் மறைமாவட்டங்களின் பெயர்களை வீதிகளுக்குச் சூட்டிய அந்நகரில், இக்கட்டடம் நின்ற வீதியின் பெயர் மெட்ராஸ் தெரு. உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையத்துடன் வெளிநாட்டு மாணவர்கள் பயிலும் ஆங்கில மொழிப் பள்ளி ஒன்றும் அதில் இயங்கிவந்தது. முதல் நிலை ஆய்வில் பச்சை அட்டை கிடைத்தது. செப்டம்பர் 7-இல் நகர மன்றக் கட்டட அலுவலர்கள் இரண்டாம் நிலை ஆய்வு செய்து மறுபடியும் பச்சை கொடுத்தார்கள். அந்தக் குழுவில் பொறியாளர் எவரும் இல்லை. அதே மாத இறுதியில் கட்டட மேலாளர் ஏற்பாடு செய்த பொறியாளர் ஒருவர் வந்து பார்த்தார். கட்டமைப்பு வரைபடங்கள் அவர் பார்வைக்குக் கிடைக்கவில்லை. டிசம்பர் 26-இல் நகர மையத்துக்கு மிக அருகே பின்னதிர்வு வந்த பிறகும் பச்சையே நீடித்தது. 2011 பிப்ரவரி 22 பகல் 12:51 மணிக்கு ஏற்பட்ட நிலநடுக்கத்தில் கட்டடம் சில வினாடிகளில் நொறுங்கியது. அன்று நிலநடுக்கத்தில் இறந்த 185 பேரில் 115 பேர் அந்த ஒரே கட்டடத்தில் இருந்தவர்கள்.

இதை விசாரித்த அரச ஆணையம், 1986-இல் செய்யப்பட்ட வடிவமைப்பிலேயே குறைபாடுகள் இருந்தன என்றும் அதற்குக் கட்டட அனுமதி வழங்கியிருக்கவே கூடாது என்றும் கண்டது. தூண்களும் உத்திரங்களும் சேரும் இடத்தில் இருந்த பலவீனத்தை எந்த விரைவு ஆய்வும் வெளியிலிருந்து கண்டிருக்க முடியாது. ஆகவே பழியை விரைவு ஆய்வின் மேல் போடுவது நியாயமாகாது; ஆயிரக்கணக்கான கட்டடங்களைச் சில நாட்களில் பார்த்தாக வேண்டிய நகரத்துக்கு வேறு வழியும் இல்லை. குறை அதற்குப் பின்னால் இருந்தது. மேலோட்டமாகப் பார்த்துக் கொடுத்த பச்சைக்கும் பொறியாளர் உள்ளே சென்று பார்த்துக் கொடுக்கும் பச்சைக்கும் வாசலில் வேறுபாடு தெரியவில்லை. விரைவு ஆய்வைத் தொடர்ந்து விரிவான ஆய்வு நடந்ததா என்று கேட்டு வாங்கும் கடமை எவருக்கும் உறுதியாக விதிக்கப்படவில்லை. செப்டம்பருக்குப் பின் பச்சை அட்டை பெற்றிருந்து, பிப்ரவரியில் 18 பேர் உயிரிழக்க இடிந்து விழுந்த பைன் கூல்டு கட்டடத்தின் கதையும் இதையே சொல்கிறது.

ஆய்வின் ஆழத்தைப் பதிவதில் போலவே, எந்தக் கட்டடம் பார்க்கப்பட்டது என்று பதிவதிலும் கவனம் வேண்டும். ஒரே மனையில் இரண்டு மூன்று கட்டடங்கள் இருக்கும். மூலைக் கட்டடம் இரண்டு தெருக்களின் கதவிலக்கத்தைத் தாங்கியிருக்கும். பொதுச்சுவர் வீடுகளில் ஒன்றின் சேதம் அடுத்த வீட்டையும் பாதிக்கும். முகவரியை மட்டும் நம்பினால் இரண்டு குழுக்களின் அறிக்கைகள் ஒரே கட்டடத்தைப் பற்றியவை என்பதே பிறகு தெரியாமல் போகும்.

தேதி இல்லாத பதிவின் விலை உயிரிழப்போடு நிற்பதில்லை; அது பணத்திலும் கணக்காகிறது. நியூசிலாந்தில் வீடுகளின் நிலநடுக்கச் சேதத்துக்கு அன்று முதலில் பொறுப்பேற்றது அரசின் நிலநடுக்க ஆணையம். அன்றைய விதிப்படி ஒரு வீட்டுக்கு, ஒரு நிகழ்வுக்கு, வரி நீங்கலாக 1,00,000 டாலர் அதன் உச்சவரம்பு. அதற்கு மேல் தனியார் காப்பீட்டு நிறுவனம் கொடுக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு நிலநடுக்கத்துக்குப் பின்னும் இந்த உச்சவரம்பு புதிதாகத் தொடங்கும் என்று உயர் நீதிமன்றம் 2011-இல் தீர்ப்பளித்தது. எடுத்துக்காட்டாக, ஒரு வீட்டின் சேதம் மொத்தம் 1,50,000 டாலர் என்று கொள்வோம். அது முழுதும் பிப்ரவரியில் ஏற்பட்டிருந்தால் ஆணையம் 1,00,000-ஐயும் நிறுவனம் 50,000-ஐயும் தரும். செப்டம்பரில் பாதி, பிப்ரவரியில் பாதி என்றால் முழுத் தொகையும் ஆணையத்தின் மேல் விழும். இரண்டு நிலநடுக்கங்களுக்கும் இடையில் எவரும் போய்ப் பார்க்காத வீட்டில் எந்த விரிசல் எந்த மாதத்தில் விழுந்தது என்று யாரால் சொல்ல முடியும்? நான்கரை லட்சத்துக்கும் மேற்பட்ட கோரிக்கைகளைக் கையாண்ட ஆணையமும் நிறுவனங்களும் இந்தப் பங்கீட்டில் சிக்கி நின்றன. குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தன. ஆணையத்தின் செயல்பாட்டை ஆராயப் பொது விசாரணை நடத்த வேண்டிவந்தது. அதன் அறிக்கை 2020-இல் வெளியானது.

நிறங்கள் ஒன்றோடொன்று குழம்பியதும் உண்டு. சிவப்பு அட்டை ஒரு கட்டடத்தின் நிலையைக் குறித்தது. 2011 ஜூனில் அரசு அறிவிக்கத் தொடங்கிய சிவப்பு மண்டலமோ நிலத்தின் நிலையைக் குறித்தது. அதன் கீழ் சுமார் 8,000 வீடுகள் வந்தன. பெரிய சேதமின்றி நின்ற வீடும் சிவப்பு மண்டலத்தில் இருக்கலாம். சிவப்பு அட்டை பெற்ற வீடு அதற்கு வெளியே இருக்கலாம். இருவேறு பதிவுகளுக்கு ஒரே நிறத்தைக் கொடுத்திருக்கக் கூடாது.

அட்டையின் சட்ட வலு எவ்வளவு காலம் என்ற கேள்விக்கும் அன்று நிலையான விடை இல்லை. அவசரநிலை முடிந்தால் அட்டைகளின் அதிகாரமும் முடிந்துவிடும் என்பதால், 2010-இல் கட்டடச் சட்டத்தின் கீழ் தனி ஆணை பிறப்பித்து அதை ஈடுகட்டினார்கள். பிறகு வந்த திருத்தங்கள் இரண்டு. 2014-இல் பச்சை கைவிடப்பட்டு வெள்ளை அட்டை வந்தது. பச்சையைப் பார்த்ததும் பாதுகாப்பு என்று எண்ணிக்கொள்ளும் பழக்கத்தை முறிப்பதே அதன் நோக்கம். 2019-இல் கட்டடச் சட்டம் திருத்தப்பட்டு, அவசரநிலை முடிந்த பின்னும் சேதமடைந்த கட்டடங்களை மறுபடி ஆராயவும், உரிமையாளரிடம் மதிப்பீடு கேட்கவும் அதிகாரம் கிடைத்தது. இரண்டில் பின்னதே பெரிய சீர்திருத்தம். விரைவு ஆய்வுக்குப் பிறகு யார், எதை, எப்போது கேட்க வேண்டும் என்பதற்கு 2010 செப்டம்பரில் மெட்ராஸ் தெருவில் இல்லாத பிடிமானத்தை அதுவே கொடுத்தது.