ஒரே கிளிக்... 38 நிமிடம் பதறிய ஹவாய்! ‘யூசர் இன்டர்ஃபேஸ்’ ஏன் முக்கியம்?

2018 ஜனவரி 13, காலை 8.07 மணி. அமெரிக்காவின் ஹவாய் தீவுகளில் செல்போன்கள் ஒரே நேரத்தில் அலறின. ஏவுகணை வந்துகொண்டிருக்கிறது, உடனே பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள், இது ஒத்திகை அல்ல என்றது மெசேஜ். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மக்கள் ஓடினார்கள். கடைசியில் எந்த ஏவுகணையும் வரவில்லை. அது தவறான எச்சரிக்கை என்ற மெசேஜ் அதே போன்களுக்கு வந்து சேர 38 நிமிடம் ஆனது.

தப்பு யாருடையது?

ஊழியர் தவறான பட்டனை அழுத்திவிட்டார் என்றுதான் முதலில் சொன்னார்கள். ஆனால் விசாரணையில் வேறு கதை வந்தது. ஷிஃப்ட் மாறும் நேரத்தில் திடீர் ஒத்திகை. போனில் ஒலித்த செய்தியில் ‘ஒத்திகை’ என்ற வார்த்தையும் இருந்தது, ‘இது ஒத்திகை அல்ல’ என்ற வரியும் இருந்தது! நிஜம் என்றே நம்பியதாக அந்த ஊழியர் சொன்னார்.

சரி, அவர் குழம்பினார். கம்ப்யூட்டராவது தடுத்திருக்க வேண்டாமா? மனிதனும் கணினியும் பேசிக்கொள்ளும் இடம்தான் யூசர் இன்டர்ஃபேஸ், அதாவது திரையில் தெரியும் மெனு, பட்டன், மெசேஜ் எல்லாம். அங்கே ஒத்திகை, நிஜம் இரண்டும் ஒரே மென்பொருளில் இருந்தன. ‘நிச்சயமாக அனுப்பவா?’ என்று திரை கேட்டது உண்மைதான். ஆனால் ஒத்திகைக்கும் அதே கேள்வி, நிஜத்துக்கும் அதே கேள்வி! தினமும் பார்க்கிற கேள்வியை யார் படிப்பார்கள்? நம்ம போன்ல ஆப் எதைக் கேட்டாலும் ‘ஓகே’ தட்டிட்டுப் போறோமே, அதே பழக்கம்தான். ‘லட்சக்கணக்கான போன்களுக்கு நிஜமாகவே போகப்போகிறது’ என்று சிவப்பு எழுத்தில் காட்டியிருந்தால் கை ஒரு நொடியாவது தயங்கியிருக்கும்.

மனிதத் தவறு என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி வடிவமைப்பின் தவறு என்பது அமெரிக்க வடிவமைப்பு அறிஞர் டொனால்ட் நார்மன் 1988-லேயே புத்தகம் போட்டுச் சொன்ன விஷயம். மனிதன் தவறுவான் என்று எதிர்பார்த்தே திரையை அமைக்க வேண்டும் என்பது இந்தத் துறையின் அரிச்சுவடி. அழித்த போட்டோ உடனே மறையாமல் சில வாரங்கள் ‘டிராஷ்’ல கிடப்பதும், அனுப்பிய ஜிமெயிலை சில நொடிகளுக்குள் ‘அன்டூ’ செய்ய முடிவதும் அதனால்தான்.

ஹவாயில் இல்லாமல் போனது அந்த ‘அன்டூ’தான். தவறான எச்சரிக்கை என்று அறிவிக்க முன்கூட்டியே தயாரித்த மெசேஜ் எதுவும் அமைப்பில் இல்லை. புதிதாக எழுதி அனுப்ப வேண்டியிருந்தது. சம்பவத்துக்குப் பிறகு அந்த மெசேஜைச் சேர்த்தார்கள். எச்சரிக்கை அனுப்ப இரண்டு பேர் ஒப்புதல் வேண்டும் என்றும் மாற்றினார்கள்.