ஒரே உடன்படிக்கையில் விலைபோன ஈரூர்கள்

கொல்கத்தாவிலிருந்து ஹூக்ளி ஆற்றில் வடக்கே செல்லும் சுற்றுலாப் படகுகள் ஸ்ரீராம்பூர்த் துறையில் சிறிது பொழுதே தங்குகின்றன. கரையேறிச் சற்று நடந்தால், 1806இல் கட்டி முடிக்கப்பெற்ற புனித ஓலாவ் தேவாலயத்தின் முகப்பில் டென்மார்க் மன்னர் ஏழாம் கிறிஸ்தியானின் இலச்சினையைக் காண்கிறோம். வங்கத்தில் டேனியர் சின்னமா என வியக்கும் தமிழர்க்கு இவ்வூர் முற்றிலும் அயலூர் அன்று. 1755இல் டேனியர் இங்கு வணிகத்தளம் நிறுவியபோது, அவர்தம் இந்தியத் தலைமையிடம் நம் தரங்கம்பாடியே.

அத்தரங்கம்பாடியில் சீகன்பால்கு நிறுவிய அச்சகத்தில் 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு நிறைவுற்றது. 1800இல் ஸ்ரீராம்பூரில் வில்லியம் கேரியும் தோழரும் அச்சகம் தொடங்கினர். சமயப் பணிக்கு ஆங்கிலக் கம்பெனி தன் எல்லையில் இடந்தர மறுத்தமையால், அவர்கள் டேனியக் கொடியின் நிழலை நாடினர். 'சமாசார் தர்ப்பண்' என்னும் வங்கமொழி வார இதழும், ஸ்ரீராம்பூர்க் கல்லூரியும் 1818இல் அங்கே தோன்றின.

1845இல் டேனியர் இவ்விரண்டு ஊர்களையும் ஒரே உடன்படிக்கையால் 12½ லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றனர். அரசுரிமை அன்றே அகன்றது. அச்சேறிய நூல்களோ தமிழிலும் வங்கத்திலும் உரைநடை வளரத் துணைநின்றன. வங்க மண்ணில் வளரும் நம் மக்களை அத்துறைக்கு அழைத்துச் செல்வோர், படகு புறப்படுமுன் தரங்கம்பாடியின் கதையையும் அவர்க்கு எடுத்துரைத்தல் வேண்டும்.