நான்கு பங்குக்கு மேல் இடமில்லாத பத்திரம்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்ததிலிருந்து, பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போடலாமா என்று உங்களில் பலர் கேட்கிறீர்கள். தாராளமாகப் போடலாம். ஆனால் நடுவில் ஒரு திரை வந்து, ஹார்ட் டிஸ்கை எப்படிப் பிரிக்கட்டும் என்று கேட்கும். அங்கே எல்லோருக்கும் கை நடுங்குகிறது. நடுங்கத்தான் வேண்டும். பத்து வருடக் குடும்பப் படங்கள் இருக்குமா போகுமா என்பது அந்த ஒரு திரையில்தான் முடிவாகிறது. அது கேட்கிற கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதைத்தான் எழுதுகிறேன்.

பார்ட்டிஷன் என்றால் நம் பாகப்பிரிவினையேதான். நிலம் ஒன்று, பங்குதாரர்கள் பலர். எந்தப் பங்கு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று ஒரு பத்திரம். 1983-இல் ஐபிஎம் தன் எக்ஸ்டி கம்ப்யூட்டரை 10 எம்பி ஹார்ட் டிஸ்குடன் கொண்டுவந்தது. இன்றைய போன் படம் மூன்று நான்கு வைத்தால் நிறைந்துவிடும் அளவு! அதையும் பிரித்தார்கள். ஒரே டிஸ்கில் டாஸ் ஒரு பக்கம், வேறொரு இயங்குதளம் இன்னொரு பக்கம் இருக்க வேண்டும் என்பதற்காக. பத்திரத்துக்கு ஒதுக்கிய இடம், டிஸ்கின் முதல் 512 பைட்டில் வெறும் 64 பைட். ஒரு பங்கை எழுத 16 பைட். வகுத்துப் பாருங்கள், நான்கு பங்குதான் வரும். அந்த நான்கு நம்மை முப்பது வருடம் ஆட்டிவைத்தது.

1987-இல் டாஸ் 3.3 ஒரு வழி கண்டது. நான்கில் ஒன்றை வெறும் உறையாக்கி, அதற்குள் உட்பங்குகள் வைத்தார்கள். இந்தப் பழைய முறையில் பிரித்த டிஸ்கை லினக்ஸில் திறந்தால் எஸ்டிஏ1-க்கு அடுத்து எஸ்டிஏ5 என்று காட்டும். நடுவிலுள்ள எண்கள் எங்கே என்று தேட வேண்டாம். 1 முதல் 4 வரை அந்த நான்கு மூலப் பங்குகளுக்கு உரியவை, உட்பங்கு எப்போதும் 5-இல்தான் தொடங்கும்.

இனி லினக்ஸ் கதைக்கு வருகிறேன். ஹெல்சின்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஜனவரியில் ஒரு 386 கம்ப்யூட்டர் வாங்கி, மினிக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டார். அதே டிஸ்கில் லினக்ஸையும் எழுதி வளர்த்தார். அந்த ஆண்டு இறுதியில் ஒருநாள், பல்கலைக்கழகக் கம்ப்யூட்டரை மோடம் வழியே அழைக்க நினைத்தவர், மோடத்தின் பெயருக்குப் பதில் எச்டிஏ1 என்று ஹார்ட் டிஸ்க் பங்கின் பெயரைக் கொடுத்துவிட்டார். டயல் செய்ய வேண்டிய எழுத்துகள் மினிக்ஸ் பங்கின் மேலேயே போய் விழுந்தன. மினிக்ஸ் போயிற்று. வேறு பங்கில் இருந்த லினக்ஸ் பிழைத்தது. மினிக்ஸை மறுபடி நிறுவியிருக்கலாம். அவரோ, இனி லினக்ஸே போதும் என்று முடிவு செய்தார். எழுதியவருக்கே இந்த கதி என்றால், நாம் பெயரை இரண்டு முறை படிப்பதில் வெட்கமென்ன?

ஸ்வாப் என்று ஒரு பங்கு கேட்குமே, அதுவும் அதே குளிர்காலத்தில் பிறந்ததுதான். ஜெர்மனியில் ஒருவரிடம் 2 எம்பி நினைவகம் மட்டுமே இருந்தது, கம்பைலர் ஓட இடம் போதவில்லை. அவருக்காக, டிஸ்கையே துணை நினைவகமாகப் பயன்படுத்தும் வசதியை டோர்வால்ட்ஸ் கிறிஸ்துமஸ் சமயத்தில் எழுதிச் சேர்த்தார். 'ராம் அளவில் இரு மடங்கு ஸ்வாப்' என்பது அந்தப் பஞ்ச காலத்து வாய்ப்பாடு. 8 ஜிபி ராம் உள்ளவர் 16 ஜிபியை அதற்கு ஒதுக்க வேண்டியதில்லை.

பூட் என்ற தனிப் பங்கும் அப்படித்தான். பழைய பயாஸால் 1024 சிலிண்டருக்கு அப்பால் படிக்க முடியாது. அதனால் லினக்ஸ் தொடங்கத் தேவையான கோப்புகளை டிஸ்கின் முன்பகுதியில் வைத்தார்கள். அந்தக் காரணம் இன்று இல்லை. ஆனால் ஹோம் பங்கைத் தனியே வைக்கும் வழக்கத்தை நான் விடச் சொல்ல மாட்டேன். உங்கள் கோப்புகள் அங்கே இருந்தால், இயங்குதளத்தை மட்டும் அழித்துப் புதிதாகப் போடலாம்.

கடைசியில் பழைய பத்திரமே போதாமல் போனது. அதில் நீளத்தை எழுத 32 பிட்தான், 2 டிபிக்கு மேல் எண்ண வராது. இன்டெல் நிறுவனம் இட்டானியம் கம்ப்யூட்டர்களுக்காகத் தொடங்கிய இஎஃப்ஐ முறையோடு ஜிபிடி என்ற புதுப் பத்திரம் வந்தது. பொதுவாக 128 பங்கு வரை எழுதலாம். பத்திரத்தின் நகல் டிஸ்கின் கடைசியிலும் இருக்கும். எனக்குப் பிடித்த விஷயம், முதல் 512 பைட்டில் இன்றும் ஒரு பழைய பாணிப் பத்திரத்தைச் சும்மா எழுதி வைக்கிறார்கள். பழைய மென்பொருள் எதுவும் இதைக் காலிமனை என்று நினைத்து உள்ளே நுழைந்துவிடக் கூடாதாம்!

விண்டோஸையும் வைத்துக்கொள்வதானால், இஎஃப்ஐ என்று எழுதிய சின்னப் பங்கை ஃபார்மட் செய்யாதீர்கள், இரண்டுக்கும் அதுதான் வாசல். தவறிப்போய் ஒரு பங்கை நீக்கிவிட்டால் உடனே கையை எடுத்துவிடுங்கள். பத்திரத்தில் வரி போனதே தவிர, மேலே வேறெதுவும் எழுதாதவரை நிலத்தில் பயிர் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருள் பல நேரம் மீட்டுத் தரும். அதை நம்பி இறங்காமல், படங்களை முதலில் வெளி டிஸ்கில் நகலெடுத்து, அந்த டிஸ்கைக் கழற்றி வைத்துவிட்டுத் தொடங்குங்கள். சந்தேகமிருந்தால் அந்தத் திரையைப் போனில் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.